ஆறு மணிக்கு யார் இறங்குவார்?

செங்கரட்டில் நீங்கள் மலையேற வேண்டுமென்றால், அதே நேரத்தில் யாராவது ஒருவர் மலையிறங்கிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணெயில் ஓடும் வண்டிகள் மலைப்பாதையில் வரக்கூடாது என்று சட்டம் வந்து பதினோரு வருடமாகிறது. இப்போது ஓடுவதெல்லாம் கதவில்லாத, கூரை மட்டும் போட்ட சின்ன மலைவண்டிகள். ஒரு காலத்தில் பணக்காரர்கள் கோல்ஃப் மைதானத்தில் பந்தைத் தேடிப் போக வைத்திருந்த அதே வண்டிதான். இப்போது அதில் மாமியாரும் மருமகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்தைக்குப் போகிறார்கள்.

வண்டிகள் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசமெல்லாம் அடியில் இருக்கும் இயக்கியில், அதாவது மோட்டாரில். அதனால் வாங்குமுன் இயக்கியைப் பற்றித் தெரிந்துகொள் என்று ஊரே சொல்லும். கவினேஷ் அதை ஊர் சொன்னதைவிட நாலு மடங்கு எடுத்துக்கொண்டான். ஒரு குடை வாங்கவே மூன்று வாரம் ஆராய்கிற ஆள் அவன். முப்பது வயதில் இரண்டு முழங்காலும் தேய்ந்து, நாற்பத்தைந்தில் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டவன். மூட்டு நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் இனி இந்த மலையில் ஒரு அடி நடப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தான்.

வண்டிக்கடையில் அவன் கேட்ட கேள்விகள் நாற்பத்து மூன்று. கடையிலிருந்த பெண் பாவம், பொறுமைசாலி.

“தொடர் இயக்கி இருக்குதுங்க சார். ஏத்தத்துல எருமை மாதிரி இழுக்கும். ஆனா எறக்கத்துல ஒரு பொட்டு மின்சாரம் திருப்பித் தராது. தனி இயக்கின்னா, எறங்கறப்போ சக்கரத்த அதுவே பிடிச்சுக்கிட்டு, வர்ற மின்சாரத்தத் தன் மின்கலத்துலயே சேத்து வெச்சுக்கும்.”

“மின்கலம் எத்தனை வருசம்?”

“நாலுங்க. மாத்தறதுக்குப் பதிவு பண்ணிட்டு ஆறு வருசம் காத்திருக்கோணும்.”

“அந்த ரெண்டு வருசம் வண்டிய வெச்சுக் கோழி அடைக்கறதா?” என்றான் கவினேஷ்.

மிஞ்சியது இணை இயக்கி. அதில் இருப்பது கையளவு மின்கலம். வெறும் வண்டியை மட்டும் அது ஏற்றிவிடும். ஆளும் சுமையும் ஏற, பாதைக்கு அடியில் பதித்த தாமிரப் பட்டை வழியாக, இறங்குகிற வண்டியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். கிணற்றில் ஒரு வாளி இறங்க மறு வாளி ஏறுவது போல. பத்துக் கிலோ இறங்கினால் ஒன்பது கிலோ ஏறும். கல்லைக் கட்டி இறக்கிவிடலாமே என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். மலையிலிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட இறக்கக் கூடாது என்று வனத்துறை சொல்லிவிட்டது. ஆகவே ஆள்தான் இறங்க வேண்டும்.

“ஒரு நாளைக்கு எத்தனை வண்டி எறங்குது?” இது அவனுடைய நாற்பத்து மூன்றாவது கேள்வி.

“நானூத்திப் பத்துங்க.”

“ஏறுறது?”

“நானூத்தி அஞ்சு.”

கவினேஷுக்கு முகமெல்லாம் பல். அப்படியானால் ஏறுவதற்கு எப்போதும் ஒரு இணை கிடைக்கும். இணை இயக்கியையே வாங்கிக்கொண்டு வந்தான். எந்த மணிக்கு எத்தனை வண்டி என்று மட்டும் கேட்கவில்லை.

வண்டி ஓட வேண்டியதோ அவன் மனைவி தர்ஷிகாவின் வேலைக்கு. மலையுச்சியில் வானிலை நிலையம் இருக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு அங்கே அறுபது பேர் பலூன்களைப் பறக்கவிடுவார்கள். அதற்கு முன் தட்டு கைக்கு வந்தால்தான் சாப்பாடு உண்டு. அவர்களுக்கு இதுவரை கிடைத்தது குழாயில் அடைத்த சத்துப் பசை. தர்ஷிகா போய் மேலாளரிடம் சூடான சந்தகை தருகிறேன் என்றாள். சந்தகை என்றால் மாவை இட்லி போல அவித்து நூல்நூலாகப் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுவது. மேலாளர் சம்யுக்தா முப்பது நாள் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். மூன்று நாள் தாமதமானால் மறுபடியும் பசைதான் என்றார். இருபது வருடம் அடுத்தவர் சமையலறையில் வெந்தவள் தர்ஷிகா. இது அவளுடைய சொந்தத் தொழில், முதல் தொழில்.

முதல் நாள் காலை ஆறு மணி. சந்தகை, தேங்காய்ப்பால், பாத்திரம் எல்லாம் சேர்த்து அறுபத்தாறு கிலோ. தர்ஷிகா அறுபது கிலோ. வண்டி முதல் வளைவில் நின்றது. மலையில் ஓர் ஈ, காக்கைகூட இறங்கவில்லை. ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூட வாத்தியார்கள் இறங்கத் தொடங்கிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. இரண்டாம் நாளும் அதே கதை.

“நானூத்திப் பத்து வண்டின்னீங்களே!” தர்ஷிகாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “ஆறு மணிக்கு எத்தனைங்க? ஒண்ணு வேண்டாம், அரை வண்டி எறங்குதா?”

“சராசரி பாத்தா...”

“சராசரிய நீங்களே பால் ஊத்திச் சாப்புடுங்க!”

இன்னும் ஒரு நாள் தாமதமானால் எல்லாம் போச்சு. தப்பு தன்னுடையது என்று கவினேஷுக்கு உறைத்தது. அன்று பகல் முழுக்க மேலே வண்டியிலேயே ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய், காலை ஆறு மணிக்குக் கீழே வர யாருக்காவது ஆசையிருக்கிறதா என்று கேட்டான். யாருக்கு இருக்கும்? கடைசியில் ரித்தீஷ் என்ற பெரியவர் அகப்பட்டார். நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை, நூற்று நாற்பது கிலோ.

“எறங்கி வந்து நான் என்ன பண்றது, தம்பி?” என்று கேட்டார்.

“சந்தகை சாப்புடலாமுங்க.”

“அதை முதல்லயே சொல்லோணும்ல!”

நூற்று நாற்பது இறங்கினால் நூற்று இருபத்தாறு ஏறும். கணக்கு இம்மி பிசகாமல் நின்றது. மூன்றாம் நாளிலிருந்து அவர் மேலிருந்து கிளம்ப, இவள் கீழிருந்து கிளம்ப, ஐந்தாவது வளைவில் இரண்டு வண்டிகளும் எதிர்ப்படும். “அம்மிணி, இன்னிக்குக் குழம்பும் இருக்குதா?” என்று கத்திக்கொண்டே அவர் இறங்குவார். கீழே கவினேஷ் பரிமாறுவான். மேலே அறுபது பேர் விரலை நக்குவார்கள். வாழ்நாளெல்லாம் உடம்புக்காகக் கேலி கேட்ட மனிதர், தன் எடையால் ஒரு தொழில் நடக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

மூன்றாவது வாரம் வண்டி லேசாக இழுக்கத் திணறியது. ஆறு ஐம்பதுக்குப் போனது ஆறு ஐம்பத்து மூன்றானது. அடுத்த வாரம் ஐம்பத்தாறு. கவினேஷ் நானூறு பக்கக் கையேட்டைப் பிரித்து உட்கார்ந்தான். இயக்கியைக் கழற்றினான், துடைத்தான், மாட்டினான். தாமிரப் பட்டையில் பழுது என்று நிர்வாகத்துக்கு இரண்டு மனு எழுதினான். தர்ஷிகா எவர்சில்வர் மூடிகளை விட்டுவிட்டு வாழையிலை போட்டு மூடினாள், செருப்பைக் கழற்றி வைத்தாள், காலையில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

முப்பதாம் நாள் எட்டாவது வளைவில் வண்டி நின்றேவிட்டது. மணி ஆறு ஐம்பத்து நான்கு. அவள் நின்றால் இணை வண்டியும் நிற்கும். உடனே கைபேசியில் ரித்தீஷின் குரல் கேட்டது.

“அம்மிணி, ஏன் நிக்குது?”

“தெரியலீங்கண்ணா! இயக்கி போச்சாட்ட இருக்குது. கடைசி நாளாப் பாத்து... அட கெரகமே!”

கீழேயிருந்து கவினேஷும் இணைப்பில் வந்தான். கையேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. “தர்ஷி, முன்பக்கச் சுருள் சூடா இருக்குதா பாரு.”

“சூடெல்லாம் இல்லீங்க!”

அந்தப் பக்கம் ரித்தீஷ் கனைத்தார். “தம்பி, ஒண்ணு சொல்லட்டுமா? நான் இப்ப நூத்தி முப்பத்தொண்ணு.”



“என்னங்கண்ணா ஆச்சு உங்களுக்கு?” தர்ஷிகா பதறிப்போனாள்.

“ஒண்ணும் ஆகல, நல்லா இருக்கறேன். தினமும் நாலு தட்டு திங்கறேன், செமிக்கோணும்ல? சாப்டுட்டு மொத வளைவு தாண்டினதும் வண்டியக் காலியா மேல அனுப்பிட்டு நடந்தே போறேன். ஒம்போது கிலோ போயிருச்சு! முப்பது நாள் முடிஞ்சதும் சொல்லி அசத்தலாம்னு இருந்தேன்.”

கவினேஷ் கையேட்டை மூடினான். இரண்டு வாரமாக அவன் பழுது தேடிய இயக்கியில் ஒரு பழுதும் இல்லை. “தர்ஷி, எறங்கு!” என்று கத்தினான்.

“என்னது?”

“நீ எறங்கு. சந்தகை மட்டும் ஏறட்டும்!”

அவள் குதித்தாள். அறுபது கிலோ குறைந்த வண்டி விசுக்கென்று கிளம்பியது. பாதையறிந்த வண்டி தன்பாட்டுக்கு வளைவில் திரும்பி மேலே ஏற, தர்ஷிகா வெறுங்காலோடு பின்னாலேயே ஓடினாள். நிலைய வாசலில் வண்டி ஆறு ஐம்பத்தெட்டுக்குப் போய் நின்றது. ஓட்டுநர் இல்லாமல் வந்த சந்தகையை அறுபது பேரும் கைதட்டி வரவேற்றார்கள். முதலாளியம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது பலூன்கள் பறந்துகொண்டிருந்தன.

சம்யுக்தா சிரித்துக்கொண்டே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். “வண்டி நேரத்துக்கு வந்துருச்சு. நீங்க வரணும்னு ஒப்பந்தத்துல எங்கயும் எழுதலயே” என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். திங்கட்கிழமை புதிதாக அறுபது பேர் வேலைக்கு வருகிறார்கள், அவர்களும் பசை வேண்டாமென்கிறார்கள்.

தர்ஷிகாவுக்குக் காலில் ரத்தம், முகத்தில் பூரிப்பு. இறங்கி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள். சுமை இரட்டிப்பு. ரித்தீஷண்ணன் வாரத்துக்கு இரண்டு கிலோ குறைவார், குறையட்டும், நன்றாக இருக்கட்டும். அவர் மேலே நடந்தே போய்விடுவதால் இறக்கத்தில் வருவதெல்லாம் முழு லாபம். மலை கொடுப்பதாக எல்லோரும் நினைக்கும் மின்சாரம் உண்மையில் அவர் காலும் தன் சந்தகையும் கொடுப்பது. அப்படியானால் இன்னொரு ஜோடிக் கால் இருந்தால் போதும்.

கீழே ரித்தீஷ் நான்காவது தட்டில் இருந்தார். கவினேஷ் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். செய்தி கேட்டதும் அவன் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியா! இணை இயக்கிதான் செரின்னு அப்பவே சொன்னேன்ல?”

“சொன்னீங்க, சொன்னீங்க” என்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். “ஏனுங்க, நீங்க எத்தனை கிலோ?”

“எழுபத்தொண்ணு. எதுக்கு?”

“திங்கக்கெழமையிலிருந்து நீங்களும் ரித்தீஷண்ணனோட நடந்து ஏறிக்கோங்க. மேல அவரு ஊட்லயே படுத்துட்டு, காலைல ஆறு மணிக்கு ஆளுக்கொரு வண்டில எறங்கி வாங்க.”

“தர்ஷி, எம் முழங்கால்...”

“அது புதுசுதானுங்களே” என்று சொல்லிவிட்டு அவள் ஒரு தட்டை எடுத்து நிறையச் சந்தகை வைத்தாள். மேலே தேங்காய்ப்பாலைத் தாராளமாக ஊற்றி அவன் முன்னால் நீட்டினாள். “எழுபத்தொண்ணு பத்தாதுங்க. சாப்புடுங்க.”