கன்னையாவின் இரண்டு தட்டு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மோனோரயில் பாலத்தை ஒட்டிய கடை வரிசையில் இருந்தது அந்தக் கிளினிக். பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரே ஒரு மாடிதான். கைப்பிடியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன்.

நான் கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவன். முப்பதாவது மாடிச் சாரக் குழாயில் உட்கார்ந்து சோறு தின்றவன். சுபாங் ஜெயாவில் என் கூட்டாளி கன்னையா விழுந்து செத்த பிறகு, நாற்காலியில் ஏறி பல்பு மாட்டக்கூட முடியவில்லை. இவன் ஏறலாம் என்று கிளினிக் எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்று கம்பெனி சொல்லிவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கீழே நிற்பவன் ஏற வேண்டுமானால் ஸ்பேனரால் குழாயை இரண்டு தட்டு தட்டுவான். வரலாம் என்றால் மேலே இருப்பவன் ஒரு தட்டு. அது கேட்காமல் யாரும் ஏறுவதில்லை. ஆள் ஏறும்போது குழாய் கையில் நடுங்கும்.

அன்று கன்னையா இரண்டு தட்டு தட்டினான். நான் ஸ்பேனரை எடுப்பதற்குள் அவன் நின்ற பலகை உடைந்தது.

கிளினிக்கில் சிகிச்சை பார்த்த பெண் விஷ்ணுப்ரியா. உள்ளே படம் காட்டும், கண்ணை மூடும் பெட்டி ஒன்றைத் தலையில் மாட்டி, கையில் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கட்டையும் கொடுத்தாள். அறை மறைந்து கட்டடம் வந்தது.

"எல்லாம் படந்தான் லா, அங்கிள். விழுந்தா கார்பெட்லதான் விழுவீங்க."

"இத முன்னாடியே குடுத்திருந்தா கன்னையாவும் கார்பெட்ல விழுந்திருப்பான்."

அவள் சிரிக்கவில்லை. "பயம் பத்துக்கு எவ்வளவு?"

"ஒம்பது."

வாராவாரம் படத்தில் மாடி ஏறியது. பயம் இறங்கியது. கூடவே மற்றதும் இறங்கியது. சோற்றில் உப்பு தெரியவில்லை. மனைவி பவுனம்மாள் பேசினால் அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி இருந்தது.

கடைசி வாரம், உச்சி மாடி. காலுக்குக் கீழே பலகை, அதற்குக் கீழே வெறும் வெளி. காற்றுச் சத்தம்.

அப்போது கீழிருந்து கேட்டது.

டங். டங்.

கை தானாக ஓடியது. கட்டையால் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இரும்புக் கையில் ஒரு தட்டு தட்டிவிட்டேன்.

ஈர சிமெண்டு வாடை வந்தது.

பலகை விளிம்பில் ஒரு கையுறை ஏறியது. கட்டைவிரலில் மஞ்சள் டேப். கிழிந்த இடத்தில் கன்னையா ஒட்டிக்கொண்டது.

"படத்துல இன்னொரு ஆள வச்சிருக்கியாம்மா?"

"இல்லயே. நீங்க மட்டுந்தான்."

"தட்டுற சத்தம்?"

"காத்து மட்டுந்தான் வச்சோம்." அவள் குரல் தாழ்ந்தது. "அங்கிள், எதுக்குத் தட்டினீங்க?"

இரண்டாவது கையுறையும் ஏறியது.

"பத்துக்கு எவ்வளவு?"

"ஒண்ணுமில்ல."

உண்மையைத்தான் சொன்னேன். அவள் பெட்டியைக் கழற்றினாள். கார்பெட், ஏர்கான், கீழே மோனோரயில் போகும் சத்தம். கன்னையா பாதியில் நின்றிருப்பான்.

கடிதம் கிடைத்தது. படிகளில் கண்ணைத் திறந்துகொண்டே இறங்கினேன்.

ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் ஃபிளாட் ஒன்பதாவது மாடி. கடிதத்தைப் பார்த்து பவுனம்மாள் அழுதாள். பிறகு உலையைப் பார்க்கப் போனாள்.

"தொங்கிட்டு வந்த மூஞ்சி இன்னும் நிமிரலயே. வேல கிடைச்சவன் மாதிரியா இருக்கீங்க?"

சமையலறைச் சன்னலுக்கு வெளியே, தரையிலிருந்து மேலே வரும் தண்ணீர்க் குழாயில் சத்தம்.

டங். டங்.

இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டேன். தட்டாவிட்டால் ஏற மாட்டான். அதுதான் வழக்கம்.

"பைப்புல என்ன சத்தம்?" என்றாள் பவுனம்மாள். சோற்றைக் கிளறினாள். கரண்டியில் ஒட்டிய பருக்கையை உதற, பானை விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள்.

சன்னல் வழியாகக் கையை நீட்டிக் குழாயைத் தொட்டேன்.

நடுங்கியது.