தோணிக் கயிற்றை வெட்டியது யார்?

"ஒரு சரித்திரப் படத்தை எடுத்துக்கோங்க. அதுல காட்டினது நிஜமாவே நடந்துதான்னு ஆராயணும். இந்த வாரம் திட்டம் மட்டும் போட்டா போதும்," என்றார் மிஸ் வீலர். "ஒரு கேள்வி வேணும். அதுக்கு ரெண்டு சாட்சி வேணும். சாட்சி படத்துக்கு வெளியேருந்து வரணும். படமே படத்துக்குச் சாட்சி சொல்லக் கூடாது!"

கோராவின் கை எல்லோருக்கும் முன்னால் மேலே போனது.

"எனக்கு வெள்ளப் படம், மிஸ்!"

வகுப்பு முழுக்க ஏமாற்றத்தில் முனகியது. எல்லோரும் மனதுக்குள் அதைத்தான் பிடித்து வைத்திருந்தார்கள்.

எங்கள் மர்ரிந்தா ஊரில் குழந்தைகள் நடக்கப் பழகும் முன்பே அந்தப் படத்தைப் பார்த்துவிடுவார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்பு சினிமாக்காரர்கள் இங்கேயே வந்து எடுத்த படம் அது. அதற்கும் ரொம்ப முன்னால் வந்த பெருவெள்ளம்தான் கதை. ஆறு பொங்கி வருகிறது. அக்கரையில் ஜனங்கள் கத்துகிறார்கள். தோணிக்காரர் பிரீவெட் தன் உயிர்தான் பெரிது என்று தோணியைக் கரைக்குக் கரை இழுக்கிற கயிற்றைக் கோடாரியால் வெட்டிவிட்டு ஓடிவிடுகிறார். பாவம், ஜனங்கள் யூகலிப்டஸ் மரங்களில் ஏறி விடிய விடிய நடுங்குகிறார்கள்.

ஒவ்வொரு வருடமும் வெள்ள நாளன்று ஆற்றங்கரையில் இதையே நாடகமாகப் போடுவோம். கோடாரி மேலே போனதும் ஊரே சேர்ந்து "ஊ...!" என்று கத்தும். அப்படிக் கத்துவதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

"சரி கோரா, எடுத்துக்கோ. ஜோனா உன்கூடச் சேர்ந்துக்கட்டும்," என்றார் மிஸ் வீலர். அவர் இந்த ஊருக்குப் புதிது.

வகுப்பில் குபீரென்று சிரிப்பு எழுந்தது. ஜோனாவின் முழுப்பெயர் ஜோனா பிரீவெட். தோணிக்காரரின் வம்சம்.

"கயிறு பத்திரம், கோரா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஜோனா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கோராவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இதைவிட சுலபமா ஒண்ணும் கிடைக்காது," என்றாள் கோரா உற்சாகமாக. "எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கேள்வி நான் சொல்றேன், நீ எழுது. 'பிரீவெட் ஏன் கயிற்றை வெட்டினார்?'"

ஜோனா பென்சிலை எடுத்து முனையைச் சீவினான். பிறகு குண்டு குண்டான எழுத்தில் அதை எழுதினான்.

பள்ளி விட்டதும் இருவரும் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கோடாரியே இருக்கிறது. அதைக் காவல் காப்பவர் மிஸஸ் பாஸ்கோ. கையுறை போடாமல் அதன் பக்கத்தில்கூட யாரையும் விடமாட்டார்.

"படிப்புக்காகக் கேக்கறீங்க, அதனால எடுத்துக் காட்றேன்," என்று பெட்டியைத் திறந்தார். "ஜாக்கிரதை கண்ணு. கையை வெட்டிடும்."

கோரா மூச்சைப் பிடித்துக்கொண்டு, கனமான பொருளைத் தூக்குவதற்காக இரண்டு கைகளையும் நீட்டினாள். வாங்கிய வேகத்தில் கோடாரி அவள் தலைக்கு மேலே போய்விட்டது. அதில் கனமே இல்லை.

"மிஸஸ் பாஸ்கோ, இது மரம்."

"கைப்பிடி மரம்தானே, கண்ணு."

"இல்ல, இரும்பும் மரம்."

ஜோனா நகத்தால் லேசாகச் சுரண்டினான். வெள்ளிச் சாயம் உரிந்து, உள்ளேயிருந்து பைன் மரம் எட்டிப் பார்த்தது.

மிஸஸ் பாஸ்கோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இது எப்படி? எங்க அப்பாகிட்ட படக்காரங்களே கையில குடுத்துட்டுப் போனாங்களே!"

"படக்காரங்களா?"

"ஆமா. படப்பிடிப்பு முடிஞ்ச அன்னைக்கு. நான்தான் பக்கத்துல நின்னேன்..." என்றவர், சொல்லிக்கொண்டே போய் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஐயோ! இத்தனை வருஷமா நான் இதுக்குக் கையுறை போட்டுட்டு இருந்தேனே!"

வெளியே வந்ததும் கோரா தலையைச் சொறிந்தாள். "சரி, கோடாரி படத்துலேருந்து வந்தது. அது சாட்சி ஆகாது. ஆனா வெட்டினது நிஜமாத்தான் இருக்கும். மிஸ்டர் காலவேயைக் கேப்போம். அவர் நேர்லயே பாத்தவராம்."

மிஸ்டர் காலவே ரொட்டிக் கடைக்காரர். நாடகத்தில் வருடா வருடம் தோணிக்காரராக வருபவரும் அவர்தான். கேட்டவுடனே மாவுக் கையோடு வெளியே வந்துவிட்டார்.

"பாத்தேனாவா? என் ரெண்டு கண்ணால பாத்தேன்! மரத்து மேல உக்காந்திருந்தேன். பேய் மழை. குளிர்ல பல்லெல்லாம் தந்தி அடிக்குது. கீழே அந்த ஆளு கோடாரியை ஓங்கறான். சடக்!"

கோரா மளமளவென்று எழுதினாள். ஜோனா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ்டர் காலவே, உங்களுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டான்.

"அறுபது. ஏன்?"

"வெள்ளம் வந்து நூத்தி முப்பது வருஷம் ஆச்சே?"

மிஸ்டர் காலவே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எண்ண எண்ண அவர் முகம் மாறியது.

"மழை பெஞ்சுதே... தீயணைப்பு வண்டிதான் தண்ணி அடிச்சுது," என்றார் மெதுவாக. "அந்த ஆளு திரும்பத் திரும்ப வெட்டினான். சரியா வரல, இன்னொரு தடவைன்னு ஒருத்தர் கத்திட்டே இருந்தாரு. அட, நான் படத்துல நடிச்சேன்! சின்னப் பையன். மரத்துல உக்கார வெச்சாங்க. அதையா நான் இவ்வளவு நாளா நேர்ல பாத்ததா சொல்லிட்டிருந்தேன்?"

அவருக்கு அதற்குமேல் வியாபாரமே ஓடவில்லை. கேக் கேட்டு வந்த அம்மாவுக்கு ரொட்டியைக் கொடுத்து அனுப்பினார்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். மருந்துக் கடைக்காரருக்கு அவர் அப்பா சொன்னாராம். அப்பாவுக்கு யார் சொன்னது? படம் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம். ஆற்றோரத்துப் பலகையிலும் அவர் வெட்டியதாக எழுதியிருந்தது. பலகையை வைத்தது யார்? படம் ஓடிய வருடத்தில் ஊர்சபை வைத்ததாம். எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் அது படத்தில் போய் முடிந்தது. கோராவின் தலைக்குள் எல்லாம் சிக்கிக்கொண்டது.

கடைசியாக நூலகக் கணினியில் வெள்ளம் வந்த வருடத்துச் செய்தித்தாளைத் தேடிப் பிடித்தார்கள். ஒரே ஒரு வரி இருந்தது. தோணிக் கயிறு அறுந்தது, ஜனங்கள் மரங்களில் தங்கினர்.

"அறுந்ததுன்னு போட்டிருக்கு! வெட்டினதா போடல!" ஜோனா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "எழுது கோரா. அவர் வெட்டலன்னு எழுது!"

கோரா அந்த வரியை மறுபடி மறுபடி படித்தாள்.

"வெட்டினாலும் அறுந்ததுன்னுதான எழுதுவாங்க? அவர் வெட்டலன்னும் இதுல இல்லையே, ஜோனா."

"நீயும் அவங்க கட்சிதானா?"

நூலகத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜோனாவின் காதுகள் சிவந்துபோயிருந்தன.

"ஒவ்வொரு வெள்ள நாளும் நாங்க எங்க போவோம் தெரியுமா?" என்றான், குரலைத் தாழ்த்தி. "காரை எடுத்துட்டு எங்கயாவது போயிடுவோம். வீட்டுல இருந்தா வாசல்ல வந்து நின்னு 'ஊ'ன்னு கத்துவாங்க. அம்மா கதவையே திறக்க மாட்டாங்க. என் தங்கச்சிக்கு அஞ்சு வயசு. அவ எந்தக் கயிறை வெட்டினா?"

போன வருடம் ஆற்றங்கரையில் எல்லோரையும்விட உரக்கக் கத்தியது கோராதான். வெட்கமாக இருந்தது. அவன் கேட்டபடி எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னதால்தானே இவ்வளவும் வந்தது?

ஜோனா குண்டு எழுத்தில் எழுதிய கேள்வியை அவள் எடுத்துப் பார்த்தாள். அவளுக்குச் சுருக்கென்றது.

"தப்பு பதில்ல இல்ல, ஜோனா. கேள்வியிலதான் தப்பு. ஏன் வெட்டினார்னு கேட்டேன் பாரு, அப்பவே அவர் வெட்டினார்னு முடிவு பண்ணிட்டேன். அதையும் உன் கையாலயே எழுத வெச்சேன். மன்னிச்சிடு."

ரப்பரை எடுத்து அந்த வரியை அழித்தாள். புதிதாக எழுதினாள். 'பிரீவெட் கயிற்றை வெட்டினார் என்று யார் சொன்னது?'

ஜோனா அதைப் படித்தான். "இதுக்கு நம்மகிட்ட சாட்சி இருக்கா?"

"ஊரே சாட்சி. வெள்ள நாளன்னைக்கு ஒவ்வொருத்தரையா கேப்போம். நீ வருவியா?"

"அம்மாகிட்ட கேக்கறேன்," என்றான்.

வெள்ள நாளன்று ஆற்றங்கரை முழுக்க வெங்காயம் வதங்கும் வாசனை. இறைச்சிச் சாசேஜ் சுடும் கடையில் வரிசை நீண்டு நின்றது. தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஜோனா வந்து சேர்ந்தான். கோராவுக்குச் சந்தோஷத்தில் கை தட்டலாம்போல இருந்தது. தட்டினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சும்மா இருந்தாள்.

நாடகம் முடிந்ததும் கேள்வி கேட்பதுதான் அவர்கள் திட்டம். அதற்குள் நாடகம் தொடங்கிவிட்டது. அக்கரை மரங்களில் சின்னப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து "காப்பாத்துங்க!" என்று கத்தினார்கள். ஒட்டுத் தாடியோடு மிஸ்டர் காலவே வந்தார். ஒலிபெருக்கியில் மிஸஸ் பாஸ்கோ, "அப்போது தோணிக்காரர் பிரீவெட்..." என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தை வராமல் இருமினார்.

மிஸ்டர் காலவே கோடாரியைத் தூக்கினார். ஊர் ஒன்றாகச் சேர்ந்து, "ஊ..." என்று இழுத்தது. தொப்பிக்குக் கீழே ஜோனாவின் உதடுகள் இறுகின.

நாடகம் முடியும்வரை பொறுக்க கோராவால் முடியவில்லை. வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மிஸ்டர் காலவே! ஒரு கேள்வி!"

தூக்கிய கோடாரி தூக்கியபடி நின்றது. "கேளு," என்றார் அவர். ஒட்டுத் தாடி லேசாகத் தொங்கியது.

"அவர் வெட்டினதை யார் பாத்தது?"

"இது என்ன கேள்வி, எங்க மாமா சொன்னாரு!" என்றார் ஒருவர்.

"உங்க மாமாவுக்கு யார் சொன்னா?"

"யாரா? அது வந்து... படத்துல..."

"எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்!" என்றார் இன்னொருவர்.

"படத்துக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா மருந்துக் கடைக்காரரைப் பார்த்தார். அவர் மிஸஸ் பாஸ்கோவைப் பார்த்தார். மிஸஸ் பாஸ்கோ ஒலிபெருக்கியிலேயே, "அருங்காட்சியகத்துல இருக்கிற கோடாரி மரம்," என்றார். அது கரை முழுக்கக் கேட்டது.

"அப்போ கயிறு எப்படித்தான் அறுந்துது?" என்று சாசேஜ் கடையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

எல்லாத் தலைகளும் ஜோனா பக்கம் திரும்பின. இதைக் கோரா யோசித்து வைத்திருக்கவில்லை.

ஜோனா தொப்பியைக் கழற்றினான்.

"தெரியாது," என்றான். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னான். "எங்களுக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனா திட்டு மட்டும் எங்களுக்கு."

மிஸ்டர் காலவே கோடாரியை மெல்லப் புல்லில் வைத்தார்.

"அப்போ நான் வெட்ட மாட்டேன்," என்றார்.

நாடகம் அதோடு நின்றுபோனது. அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கரையிலிருந்து ஒரு பிஞ்சுக் குரல் கேட்டது. "நாங்க இறங்கலாமா? எறும்பு கடிக்குது!"

முதலில் சிரித்தது ஜோனா. பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

சாசேஜ் வரிசையில் பெரிய விவாதமே நடந்தது. மரம் மிதந்து வந்து கயிற்றில் மோதியிருக்கும் என்றார் ஒருவர். கயிறு இற்றுப்போயிருக்கும், அந்தக் காலத்திலும் ஊர்சபை இதே லட்சணம்தானே என்றார் இன்னொருவர். இல்லை, வெட்டியேதான் இருப்பார் என்றார் மூன்றாமவர். உடனே நாலு பேர் அவரைப் பார்த்து, "யார் பாத்தது?" என்று கேட்டார்கள்.

அங்கே வந்திருந்த மிஸ் வீலர் கோராவின் திட்டத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு சாட்சிதான கேட்டேன்? ஊரையே கூட்டிட்டு வந்துட்டியே!" என்றார்.

ரொட்டிக்குள் சாசேஜை வைத்துக் கடித்தபடி மிஸ்டர் காலவே வந்தார். தாடியில் தக்காளி சாஸ் ஒட்டியிருந்தது. அவர் கோராவைத் தாண்டிப் போய் ஜோனாவுக்கு முன்னால் நின்றார்.

"டேய் ஜோனா, நீ என்ன நினைக்கற?"

மர்ரிந்தாவில் பிரீவெட் வீட்டார் ஒருவரிடம் அப்படி யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜோனா வாயில் இருந்த சாசேஜை விழுங்கிவிட்டுப் பேச ஆரம்பித்தான்.