ருக்மிணி அழாத ஒரு மணி நேரம்

ஆனியின் அம்மா ஸ்டெல்லா ஒரு விஞ்ஞானி. ஊரெல்லாம் தூசியைத் துடைத்துத் தள்ளும். இவர் மட்டும் அதைத் தேடித் தேடி அளப்பார்.

செகந்திராபாத்தில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் அன்று ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது. காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அது லேப்டாப்பில் எண்ணாகக் காட்டும். பத்து மணிக்கு ஆராய்ச்சி விமானம் ஒன்று அந்த மாடிக்கு நேர் மேலே பறக்கப்போகிறது.

"விமானத்துலேர்ந்து லேசர் ஒளி கீழே வரும், ஆனி. தூசியில பட்டுத் திரும்பும். எந்த உயரத்துல எவ்வளவு தூசின்னு தெரிஞ்சிடும். பூமி சூடாகுறதுல தூசிக்கு என்ன பங்குன்னு கணக்குப் போடலாம். நம்ம பெட்டி சொல்றதும் அது சொல்றதும் ஒத்துப்போகணும்" என்றார் அம்மா.

இந்த நாளுக்காக அவர் ஒரு வருடம் உழைத்திருந்தார். ஆனியும் விமானத்துக்குக் கை காட்டப் புது ஃபிராக் போட்டுக்கொண்டு நின்றாள்.

ஒன்பது மணிக்கு எண் கிடுகிடுவென்று ஏறியது.

"ஐயோ, மிஷின் கெட்டுப்போச்சு! விமானத்தை வரவேணாம்னு சொல்லணும்." அம்மா போனை எடுத்தார்.

ஆனி மூக்கை உறிஞ்சினாள். "சாம்பிராணி வாசனை வருதும்மா!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

எப்படித் தெரியும்? அம்மாவுக்கு மூன்று நாளாக ஜலதோஷம்.

"பொறும்மா, போன் பண்ணாதே!" ஆனி கீழே ஓடினாள்.

மாடிக்கு நேர் கீழே கும்பகோணத்து ஜலஜா அக்காவின் வீடு. பால்கனியில் தணல் புகைந்துகொண்டிருந்தது. ஐந்து மாதக் குழந்தை ருக்மிணி உடம்பெல்லாம் எண்ணெயோடு பாயில் பளபளத்தாள்.

"தணல் பத்திக்கிச்சான்னு ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன். குளிச்சதும் தலைக்குப் புகை காட்டணும்ல?" என்றார் ஜலஜா அக்கா.

"நக்கோ அக்கா, புகை வேணாம்! விமானம் போறவரைக்கும் மட்டும்!" ஆனி மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்குச் சரிதான். ஆனா குளிக்கிற நேரம் தப்பினா இவ வீட்டையே ரெண்டாக்கிடுவா. அழுதா நான் குளிப்பாட்டிப் புகை காட்டிடுவேன், பார்த்துக்க."

"அழமாட்டா. நான் வச்சுக்கறேன்."

ஜலஜா அக்கா தணலை மூடி வைத்தார். "மிஷின் சரியாத்தான் இருக்கும்மா, அது சாம்பிராணிப் புகை!" என்று ஆனி பால்கனியிலிருந்து மேலே பார்த்துக் கத்தினாள். ஆனி குழந்தையைத் தூக்கினாள். மீன் மாதிரி வழுக்கியது. ஃபிராக் முழுக்க எண்ணெய். ஆனி பூனையாகக் கத்தினாள், ஆட்டோவாக உறுமினாள், ஸ்கூல் பிரேயரைக்கூடப் பாடினாள். கடைசியில் ருக்மிணி அவள் காலரைச் சப்பிக்கொண்டு அமைதியானாள்.

அப்போது தலைக்கு மேலே விமானத்தின் இரைச்சல் கேட்டது.

ஆனி எழுந்திருக்கப் பார்த்தாள். ருக்மிணியின் உதடு பிதுங்கியது. ஆனி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரைச்சல் மெல்லத் தேய்ந்து மறைந்தது.

அம்மா லேப்டாப்போடு ஓடிவந்தார். "அரை மணி நேரமா எண் ஆடவே இல்லை! எல்லாம் சரியா கிடைச்சிடுச்சு. விமானத்தைப் பார்த்தியா?"

"இல்லைம்மா. இவ அழுதிருப்பா."

அம்மா எண்ணெய் ஃபிராக்கோடு மகளைக் கட்டிக்கொண்டார்.

அன்றைய ஆராய்ச்சிப் பதிவேட்டில் 'உதவியவர்கள்' என்ற இடத்தில் அம்மா இரண்டு பெயர்களை எழுதினார்: ஆனி, வயது பத்து. ருக்மிணி, வயது ஐந்து மாதம்.