ஓரத்தில் ஒரு சின்ன மேடு

“நாளைக்கு விசாரணைக் குழு கூடுது சார். நான் முடிவைத் திரிச்சுட்டேன்னு சொல்லி வெளிய அனுப்பிடுவாங்க” என்றாள் ஆராய்ச்சி மாணவி. அழுது ஓய்ந்த முகம். துப்பறிவாளர் தலையை மட்டும் அசைத்தார். பக்கத்தில் இருந்த அவருடைய மைத்துனனுக்கோ, அப்போதே எவன் சட்டையையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல் கை பரபரத்தது.

விஷயம் இதுதான். காற்றை உறிஞ்சியெடுத்த உலோகக் கலத்துக்குள் மூலக்கூறுகளை விட்டு, கண்சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காத லேசர் துடிப்பால் அடிப்பார்கள். எலெக்ட்ரானைப் பறிகொடுத்த மூலக்கூறு அயனியாகி உடையும். எந்தத் துண்டு எவ்வளவு என்று வரைபடம் மேடு மேடாகக் காட்டும். அவளுடைய வரைபடத்தில் யாரும் எதிர்பாராத ஒரு துண்டு எழும்பியிருந்தது. அதே சோதனையைத் திரும்பச் செய்ததாகச் சொல்லி அதே ஆய்வுக்கூடத்தின் சீனியர் மாணவன் நீட்டிய வரைபடத்தில் அது இல்லவே இல்லை.

துப்பறிவாளர் இரண்டையும் மேஜையில் பரப்பினார். “உங்களதுல ஓரமா ஒரு சின்ன மேடு இருக்கே, என்னம்மா அது?”

“அது வெறும் தண்ணி சார். எவ்வளவு உறிஞ்சினாலும் கலத்துச் சுவர்ல ஈரம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். எப்பவும் வரும், நாங்க கண்டுக்கவே மாட்டோம்.”

மறுநாள் குழு ஆய்வுக்கூடத்திலேயே கூடியது. இருவருக்கும் வழிகாட்டியான பேராசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அத்தான், ஆள் இவருதான். முழியைப் பாருங்க” என்று மைத்துனன் கிசுகிசுத்தான்.

“ஏசி ஓடலை மாப்ளே. சும்மா இரு.”

துப்பறிவாளர் சீனியரிடம் போனார். “கலம் அதேதானா?”

“அதே கலம், அதே பம்பு. எதையும் மாத்தலை சார்.”

“அப்ப தண்ணி எங்க போச்சு?”

பேராசிரியர் சீனியரின் வரைபடத்தை வெடுக்கென்று பிடுங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். “தண்ணியே இல்லையே! நானும் கவனிக்கலையே!”

“தினம் பாத்துப் பாத்து உங்க கண்ணு அதை ஒதுக்கப் பழகிடுச்சு. எனக்கு இது புதுசு, அதான் உறுத்துச்சு. இது கலத்துல அளந்தது இல்லை சார், இவரே கம்ப்யூட்டர்ல வரைஞ்சது. தேவையான துண்டையெல்லாம் போட்டாரு. யாரும் கண்டுக்காத தண்ணியை இவரும் மறந்துட்டாரு.”

மைத்துனன் தொடையில் தட்டிக்கொண்டான். பேராசிரியர் அசையவில்லை.

“இவன் காட்டினது பொய்னா, அவ காட்டினது உண்மைன்னு ஆயிடுமா?”

கேள்வி நியாயம்தான். மாணவியின் முகம் மறுபடியும் இருண்டது.

துப்பறிவாளர் குரலை உயர்த்தவில்லை. “கலம் சும்மாதானே தம்பி இருந்துச்சு. சோதனையைப் பண்ணியே பாத்திருக்கலாமே, ஏன் வரைஞ்சீங்க?”

தரையைப் பார்த்தபடி சீனியர் சொன்னான்:

“பண்ணேன் சார். அந்தத் துண்டு வந்தா என் தீசிஸே தப்புன்னு ஆயிடும். அதனால திரும்பத் திரும்பப் பண்ணேன். ஒவ்வொரு தடவையும் அவ சொன்னதுதான் வந்துச்சு.”