திருநீறு பட்ட டொலர்

“இண்டைக்குப் பின்னேரம் பொலிசைக் கூப்பிடப் போறானாம், அண்ணை. அடுத்த மாசம் எனக்குக் குடியுரிமை நேர்காணல். எல்லாம் போச்சு.”

சுவிஸின் பேர்ண் நகரில், யேசுதாசனின் வாசலில் நின்றபடியே தனலட்சுமி சொன்னாள். சப்பாத்தைக் கழற்றக்கூட அவளுக்குக் கை வரவில்லை. அவள் பராமரிக்கும் முதியவர் பிரன்னரின் பெட்டியிலிருந்த அமெரிக்க வெள்ளி டொலர் மாறிவிட்டது. காட்சிக்கென்றே அடித்த விலையுயர்ந்த புரூஃப் நாணயத்தை எடுத்துக்கொண்டு மலிவான ஒன்றை வைத்தவள் அவள்தான் என்கிறான் பிரன்னரின் அண்ணன் மகன் உர்ஸ்.

யேசுதாசன் காப்புறுதி நிறுவனங்களுக்குப் பழைய நாணயங்களைச் சோதித்துக் கொடுப்பவர்.

“வேற ஏதும் நடந்ததோ, தங்கச்சி?”

“இல்லை அண்ணை.” சொல்லிவிட்டுச் சப்பாத்து நாடாவைக் குனிந்து பார்த்தாள்.

“வாங்கோ போவம்,” என்று அவர் மனைவி மதுஜா முந்திக்கொண்டு மேலங்கியை மாட்டினாள். “இவருக்குத் தன்ர மூக்குக்கண்ணாடிதான் ஆப்பிடாது. கள்ளன் ஆப்பிடுவான்.”

பிரன்னர் தன் வீட்டில், பார்வை மங்கி, நாற்காலியில் இருந்தார். உர்ஸ் நின்றுகொண்டே பேசினான். “புதன் மாலைகூட லென்சில் பார்த்தேன். அசல் புரூஃப். வியாழன் இவள் வந்தாள். வெள்ளி காலையில் பெட்டியில் இது கிடக்கிறது!”

யேசுதாசன் நாணயத்தை விளக்கடியில் சாய்த்தார்.

“கண்ணாடி மாதிரி மினுங்குதே! இது புரூஃப் இல்லையோ?” என்றாள் மதுஜா.

“புதுசா மினுக்கின அச்சில முதல் அடிக்கிற சாதாரணக் காசும் இப்பிடித்தான் மினுங்கும். விளிம்பைப் பார், உருண்டிருக்கு. புரூஃபை ஒண்டுக்கு மேற்பட்ட தரம் அமத்தி அடிப்பாங்கள். விளிம்பு வெட்டின மாதிரி நிக்கும். இதில மற்றக் காசுகளோட சாக்குக்குள்ள விழுந்த காயமும் கிடக்கு.”

அப்படியானால் மாறியது உண்மைதான்.

அவரது லென்ஸ் நாணயத்தின் எழுத்துகளின் மேல் நின்றது. “இடுக்கில வெள்ளையா இருக்கு. எப்ப திருநீறு போட்டுத் தேய்ச்சனீங்கள்?”

அவள் உடைந்துபோனாள். “செவ்வாய்க்கிழமை, அண்ணை. கறுத்துப்போச்செண்டு ஐயாதான் திறந்து தந்தவர். வீட்டுக் குங்குமச்சிமிழ் தேய்க்கிற மாதிரித் தேய்ச்சன். நான்தான் பழுதாக்கிப்போட்டனெண்டு பயந்து வாய் திறக்கேல்லை.”

யேசுதாசன் ஜெர்மனில் கேட்டதும் பிரன்னர் தலையசைத்தார். “ஆம், செவ்வாய். என் பக்கத்தில் இருந்துதான் தேய்த்தாள். அவள் நெற்றியில் பூசும் பொடி. என் விரலிலும் ஒட்டியது.”

“திருநீறு கீறும். விளிம்பை உருட்டாது,” என்று தனலட்சுமியிடம் சொல்லிவிட்டு, யேசுதாசன் உர்ஸின் பக்கம் திரும்பினார். “செவ்வாயன்று தனலட்சுமி தேய்த்தது இதே நாணயம். அதற்கு முன்பே அது மாறிவிட்டது. புதன்கிழமை லென்சில் நீங்கள் பார்த்தது எந்தப் புரூஃபை?”

உர்ஸ் பெட்டியை மூடப் போனான்.

“பெட்டிச் சாவி நம் இருவரிடம்தான் இருக்கிறது, உர்ஸ்,” என்றார் பிரன்னர் மெதுவாக.

“திருப்பித் தந்துவிடுகிறேன், சித்தப்பா.”

அப்போது வாசல்மணி அடித்தது. உர்ஸ் ஏற்கெனவே அழைத்திருந்த பொலிஸ்தான். சீருடையைக் கண்டதும் தனலட்சுமி எழுந்துவிட்டாள். தான் செய்வது என்னவென்று தெரியுமுன்னே அவளது வதிவிட அட்டை நீட்டிய கையில் இருந்தது. பெண் பொலிஸ் அதை வாங்காமல் அவளைக் கடந்து உர்ஸிடம் போனாள்.

“இருங்கோ தங்கச்சி,” என்று மதுஜா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “அவவுக்கு இனி உங்களோட அலுவல் இல்லை.”

தனலட்சுமி திரும்ப அமர்ந்தாள். நீட்டிய கை மட்டும் இன்னும் மடங்கவில்லை.