தையல் பிரித்த கம்பளி

ரொறன்ரோவின் வடமேற்கில், ரெக்ஸ்டேல் தொடர்மாடிகளுக்குப் பின்னால், ஹம்பர் ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் அந்தக் கல்வீடு இருந்தது. நிலாணி காரை நிறுத்திவிட்டு இறங்கியபோது ஒக்டோபர் மாதத்து மத்தியான வெயில் முற்றமெங்கும் அடித்துக்கொண்டிருந்தது. இறங்கப்போகும் விமானமொன்று கூரைக்கு மேலால் தாழப் பறந்து போனது. பக்கத்து வளவில் யாரோ இலை ஊதும் இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்தார்கள்.

முற்றத்தில் வெள்ளைக் கூடாரங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இருநூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகிறது, ஸ்கொட்லாந்து மலைநாட்டுப் படையொன்று கப்பலேறிக் கனடாவுக்கு வந்து சண்டை பிடித்து. அந்தப் படையைப் போல உடுத்தி, முரசடித்து, அணிவகுத்துக் காட்டும் குழு அது. நிலாணி அதில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. சிவப்புக் கோட்டும் நீலத் தொப்பியும், இடுப்பில் பிளெய்ட் என்ற நீளமான கட்டம்போட்ட கம்பளியும் அணிந்து அணியில் நிற்கும்போது, வேலையும் வீடும் மறந்துபோகும். அதற்காகத்தான் வந்தாள்.

கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் டெனிஸ்டன். குழுவுக்கு அவளைக் கூட்டிவந்தவரே அவர்தான்.

"அண்ணை, என்ர பிளெய்ட் போச்சு. என்ர மனுசன் பிரசாந் அதை ட்ரையருக்குள்ள போட்டிட்டார். இப்ப அது குழந்தைப்பிள்ளைக்குத்தான் அளவு."

டெனிஸ்டன் வாய்விட்டுச் சிரித்தார். "மனுசனை என்ன செய்யிறது. மேல முன்னறையில ஒரு பெட்டி கிடக்கு, இந்த வீட்டுக்காரற்ற பழைய சாமான். அதுக்க ஒரு பிளெய்ட் கண்டனான். எடுத்துக் கட்டும். படமெடுக்கிறவையும் வந்திட்டினம்."

"வாறன் அண்ணை, நீங்கள் தொடங்குங்கோ," என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

வெளியே இருந்த வெயில் வாசலோடு நின்றுவிட்டது. சுவர்கள் கிணற்றுக்குள் இருப்பதைப் போலக் குளிர்ந்தன. மேல்மாடி முன்னறையில் ஒற்றை யன்னல். அதன் கீழே பெட்டி.

கம்பளி அவள் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. கரும்பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட, ஆறு கெஜத்துக்குக் குறையாத துணி. கையில் எடுத்ததும் நனைந்த ஆட்டின் மணம் வந்தது. துணியோ சருகு போலக் காய்ந்திருந்தது. ஆட்டு மணத்துக்கு அடியில் இன்னொரு மணம், காய்ச்சல்காரனின் வியர்வை போலப் புளித்த மணம். விளிம்பு நெடுகிலும் ஊசி போன துளைகள் தெரிந்தன. யாரோ தடித்த நூலால் இரண்டு விளிம்புகளையும் சேர்த்துத் தைத்து, பிறகு பிரித்திருக்கிறார்கள்.

பிளெய்ட் கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பெல்டை நிலத்தில் நீட்டி, அதன்மேல் துணியை விரித்து, நடுவில் கொசுவம் போல மடிப்பெடுக்கவேண்டும். அதன்மேல் மல்லாந்து படுத்து, இரண்டு பக்கத்தையும் வயிற்றுக்குக் குறுக்கே இழுத்துப் போர்த்தி, பெல்டைப் பூட்டவேண்டும். எழுந்து நின்றால் இடுப்புக்குக் கீழே பாவாடையாகத் தொங்கும். மேலே மிஞ்சும் துணியைத் தோளில் குத்திவிடலாம்.

நிலாணி மடிப்பெடுத்தாள். படுத்தாள். போர்த்தினாள். பெல்டைப் பூட்டினாள்.

எழும்ப முடியவில்லை.

துணி தரைப் பலகையில் எங்கோ ஆணியில் கொளுவிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கவாட்டில் புரளப் பார்த்தாள். முடியவில்லை. பெல்டைக் கழற்றலாம் என்று கொளுவியைத் தொட்டாள்.

அவள் விரல்களுக்குக் கீழேயே பெல்ட் இன்னொரு துளைக்கு இறுகியது.

அவள் கையை இழுத்துக்கொள்ளுமுன் தலைமாட்டில் கிடந்த துணி அசைந்தது. மெல்ல, சோம்பலாக, தோள்களைச் சுற்றி வந்தது. கைகளை உடம்போடு சேர்த்து அணைத்தது. தாடையில் உரசி, வாய்க்கு மேலே வந்து நின்றது.

யன்னலுக்கு வெளியே முரசொலி தொடங்கியது. இலை ஊதும் இயந்திரம் இன்னமும் உறுமிக்கொண்டிருந்தது. யன்னல் கட்டையில் வைத்த போன் அதிர்ந்து, கட்டை நெடுகிலும் நகர்ந்து, ஓய்ந்தது. இத்தனை சனம் கூப்பிடு தூரத்தில் நிற்க, பட்டப்பகலில், அவள் ஒரு துணிக்குள் கிடந்தாள்.

அப்போதுதான் முதுகுக்குக் கீழே பலகை இல்லை என்பதை உணர்ந்தாள்.

விலா எலும்புகள் இருந்தன.

அவை ஏறி இறங்கின.

கீழே கதவு திறந்தது. "நிலாணி!" டெனிஸ்டனின் குரல் படியடியில் கேட்டது. "ரெடியோ?"

அவள் கத்தினாள். கம்பளி அந்தச் சத்தம் முழுவதையும் குடித்துவிட்டது.

"வாறன் அண்ணை, நீங்கள் தொடங்குங்கோ."

அவளுடைய குரல். அவள் சற்று முன்னர் சொன்ன அதே சொற்கள், அதே இழுப்பு. அது அவளுடைய பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

"ஓம், கெதியா வாரும்," என்றார் டெனிஸ்டன். கதவு சாத்தப்பட்டது.

நிலாணி உதைத்தாள். முறுகினாள். ஒவ்வோர் உதைக்கும் துணி இன்னும் இறுகியது. நெஞ்சை விரிக்க இடமில்லை. உள்ளே போன மூச்சு பாதி வழியில் நின்றது. கண்ணுக்கு முன்னால் யன்னல் வெளிச்சம் சுருங்கி, காசளவு வட்டமானது. செத்துப்போகப் போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. பிரசாந்துக்கு யார் சொல்லுவார்கள், என்னவென்று சொல்லுவார்கள் என்று நினைத்தாள்.

களைத்து அசையாமல் கிடந்தபோது முதுகுக்குப் பின்னால் அந்த இருதயத்தின் துடிப்புக் கேட்டது.

அது அவளுடையதைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

பயந்து நடுங்கும் ஒருவனின் இருதயம் அது. பின்னால் கிடந்தவன் அவளைப் பிடித்து வைத்திருக்கவில்லை. வெள்ளத்தில் போகிறவன் அகப்பட்டதைக் கட்டிப்பிடிப்பது போலப் பற்றிக்கொண்டிருந்தான். அவள் உதைக்கும் போதெல்லாம் அவனும் பயத்தில் இறுக்கினான்.

நிலாணி ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுப்பவள். அந்தக் குழாய்க்குள் போனதும் அலறுபவர்களை அவளுக்குத் தெரியும். மைக்கில் அவர்களுக்குச் சொல்லும் சொற்கள் தன்பாட்டில் வாயில் வந்தன. கம்பளிக்குள், சத்தமில்லாமல், உதடுகளை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

"ஆறுதலா... மூச்சை எடுங்கோ... மெல்ல விடுங்கோ."

விலா எலும்புகள் ஒரு கணம் நின்றன.

"நான் இஞ்சதான் இருக்கிறன். ஒண்டும் நடக்காது. உங்களைத் தனிய விட்டிட்டுப் போகமாட்டன்."

மொழி விளங்கியதோ இல்லையோ, முதுகில் அந்த மூச்சு நீளமானது. அவளும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார்களோ. வாயை மூடிய துணி தளர்ந்து கழுத்துக்கு இறங்கியது. கடைசியில் பெல்டின் கொளுவி தானாகக் கழன்றது.

அவள் கைகளை ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்தாள். அறை வாசலில் ஒரேயொரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

விரித்தபடி கிடந்த துணி நடுவில் புடைத்திருந்தது. ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

டெனிஸ்டனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் மேலே வந்தபோது துணி தட்டையாகக் கிடந்தது. அவர் அதைக் கால் நுனியால் புரட்டினார். பலகையும் தூசியும்தான். அவர் சிரிக்க வாயெடுத்தார். அவளுடைய புயங்களைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார். பின்னாலிருந்து கட்டிப்பிடித்த பெரிய கைகளின் விரல்கள் இரண்டு பக்கமும் கன்றி நீலமாகப் பதிந்திருந்தன.

"அண்ணை, இதை ஏன் தைச்சவை?"

அவர் விளிம்பைக் கையிலெடுத்துத் துளைகளைப் பார்த்தார். "அந்தக் காலத்தில காய்ச்சலில கனபேர் செத்தவை. பெட்டி செய்ய நேரமிராது. அவரவற்ற பிளெய்டுக்குள்ளயே வைச்சுத் தைச்சுத்தான் மண்ணில தாட்டவை எண்டு சொல்லுறவை."

"செத்தாப் பிறகுதான் தைச்சவையோ?"

டெனிஸ்டன் துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, மூடியில் தன் முழங்காலை ஊன்றிப் பூட்டினார். "நீர் வீட்டை போம். நான் இதைப் பாத்துக்கொள்ளுறன்."

அவள் றிச்மண்ட் ஹில் வீட்டை நோக்கிக் காரை ஓடத் தொடங்கியபோது வெயில் இன்னமும் இருந்தது. நெடுஞ்சாலையின் வலது ஓர ஒழுங்கையிலேயே மெதுவாகப் போனாள். யன்னல்களை இறக்கிவிட்டிருந்தாள். நெடுஞ்சாலை இரைச்சல் காதுக்கு இதமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதாள். முடிந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டிங்.

டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. முன் பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் சீற் பெல்ட் போடவில்லை.

முன் ஆசனத்தில் எதுவும் இல்லை. அவளுடைய பை பின்னால் கிடந்தது.

டிங். டிங். டிங்.

கையை நீட்டி அந்தப் பெல்டை இழுத்தாள். அது பாதி தூரம் வந்தது. பிறகு எதிர்ப்பக்கமிருந்து ஒரு வெடுக்கென்ற இழுப்பு. பெல்ட் அவள் கையை உரசிக்கொண்டு உள்ளே ஓடியது.

அவள் மறுபடி முயலவில்லை. வீடு வந்து சேரும்வரை அது அடித்துக்கொண்டேயிருந்தது.

வீட்டு முன் ட்ரைவ்வேயில் என்ஜினை நிறுத்தினாள். யன்னல்களை ஏற்றினாள். பக்கத்து ஆசனத்தைப் பார்க்காமல் இறங்கி, கதவைச் சாத்தி, ரிமோட்டை அழுத்தினாள். நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. சமையலறை யன்னலில் பிரசாந் கையசைத்தான். அவள் படியில் கால் வைத்தாள்.

பின்னால், காரின் பக்கத்து ஆசன யன்னல் கண்ணாடி உட்புறமாக மூச்சுப் பட்டது போல ஆவி படிந்து மங்கி வந்தது.

பிறகு, உள்ளேயிருந்து, கதவின் கைப்பிடியை யாரோ இழுத்தார்கள். முதலில் மெதுவாக. அதன்பின் விடாமல்.