அமாவாசையில் நடுங்காத திரை

துர்காவின் கம்ப்யூட்டர் திரைக்குக் குளிர்காய்ச்சல் வந்திருந்தது. சும்மா இருக்கும்போதே வெடவெடவென்று நடுங்கியது. திடீரென்று கண்ணை மூடிக் கறுப்பானது. இது போதாதென்று, விளையாட்டில் வேகமாகத் திரும்பினால் படம் குறுக்கே வெட்டுப்பட்டது. மேல் பாதி ஒரு பக்கம், கீழ்ப் பாதி இன்னொரு பக்கம்.

"ஏய் துர்கா! மறுபடியும் விழுந்துட்டோம் பாரு!" ஹெட்போனுக்குள் பொன்னி கத்தினாள்.

"நான் என்ன பண்ணுவேன்? திரை கறுப்பாயிடுச்சுடி."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

விளையாட்டின் பெயர் 'மேகப்பாலம்'. இரண்டு பேர், ஒரே கம்ப்யூட்டரிலோ வேறு வேறு ஊரிலிருந்தோ, ஒரு நீளமான ஏணியை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு, ஆடுகிற கயிற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். ஒருத்தி தடுமாறினால் இரண்டு பேரும் ஏணியோடு பள்ளத்தில் விழுவார்கள். ஏழாவது பாலத்தில் இவர்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

முசரவாக்கம் பள்ளியில் துர்காவும் பொன்னியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது பொன்னி ஓசூரில் இருக்கிறாள். துர்கா காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் பொன்னிக்கு அக்காவின் லேப்டாப் கிடைக்கும். வாரம் முழுக்க துர்கா காத்திருப்பது அதற்காகத்தான்.

"இங்க பாருடி, அடுத்த ஞாயித்துக்கிழமையும் இப்படியே ஆச்சுன்னா, நான் என் கிளாஸ் பொண்ணுகூட ஆடிக்கிறேன். அவ கம்ப்யூட்டர் நல்லா இருக்குது. கோச்சுக்காத, என்ன?"

"கோவமெல்லாம் இல்ல" என்றாள் துர்கா. பொய்.

ஹெட்போனைக் கழற்றினாள். வீட்டில் யாரும் இல்லை. அப்பா ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டப் போயிருந்தார். அம்மா கம்பெனிக்குப் போயிருந்தாள். ஷிப்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

ஆனாலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாராவது பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று துர்காதான் அதை ஓடவிடுவாள். இப்போது அதில் ஒருவர் விழுந்து விழுந்து தோசைக்கல் விற்றுக்கொண்டிருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தறி அடித்தது. டக். டக். டக்.

இந்தத் தெருவுக்குக் குடிவந்து நாலு மாதம் ஆகிறது. பட்டு நெய்கிறவர்களின் தெரு. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். வந்த புதிதில், பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு துர்கா போய் நின்றாள்.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வாடகைக்கு வந்திருக்கோம்."

"ஓ" என்றாள் அவள்.

அந்த 'ஓ'வுக்குப் பிறகு ஆட்டம் தொடர்ந்தது. துர்காவை யாரும் போகச் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். துர்கா வீட்டுக்குத் திரும்பி டிவியைப் போட்டாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் துர்கா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவள் சொன்னதில் பாதியைக்கூடக் காதில் வாங்கவில்லை.

"கேமா? பொட்டப்புள்ளைக்கு எதுக்குமா கேமு? கிராபிக்ஸ் கார்டு போயிருக்கும். அப்பாவை வரச் சொல்லு."

"பார்க்காமலே எப்படி அண்ணா சொல்றீங்க?"

"பதினஞ்சு வருஷமா இதே வேலைதான் பண்ணிக்கினு இருக்கேன்."

பதினைந்து வருடமாகப் பார்க்காமலேதான் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு துர்கா படியிறங்கினாள்.

இணையத்தில் ஒரு வீடியோவுக்குக் கீழே தன் சந்தேகத்தை எழுதிக் கேட்டாள். 'உங்க அண்ணன்கிட்ட காட்டுங்க சிஸ்டர்' என்று பதில் வந்தது. துர்காவுக்கு அண்ணன் கிடையாது. இருக்கிற ஒரே மாமா விமல்ராஜ். இந்தக் கம்ப்யூட்டரைப் பழைய சாமான்களிலிருந்து சேர்த்துப் பூட்டித் தந்தவர் அவர்தான். சென்னையில் வேலை. போன் அடித்தால் எடுப்பதில்லை.

துர்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. 'யாரும் வர வேண்டாம். நானே பார்த்துக்கிறேன்.'

புதன்கிழமை அமாவாசை. காலையில் அம்மா காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். சாயங்காலம் துர்கா தனியாக உட்கார்ந்து முதல் பாலத்தில் நடந்து பழகினாள். ஆட்டத்தைவிடத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ நடுங்கும், இதோ கறுப்பாகும்.

நடுங்கவில்லை.

வேகமாகத் திரும்பிப் பார்த்தாள். படம் வழக்கம்போல் குறுக்கே வெட்டுப்பட்டது. ஆனால் நடுக்கம் மட்டும் இல்லை.

"அப்போ இது ஒரு வியாதி இல்ல, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டாள். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் அதை வாய்விட்டே சொன்னாள்.

ஒரு வியாதிக்கு மட்டும் இன்றைக்கு ஏன் லீவு?

டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். தெருவே கப்சிப்பென்று இருந்தது. டக் டக் இல்லை. அமாவாசை அன்று இந்தத் தெருவில் ஒருவரும் தறியில் உட்கார மாட்டார்கள்.

துர்கா சுவரைப் பார்த்தாள். சுவரை ஒட்டிப் போட்டிருந்த மேஜையைப் பார்த்தாள். மேஜையில் இருந்த மானிட்டரைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை தறி அடித்தது. திரை நடுங்கியது. சுவரில் உள்ளங்கையை வைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் சுவர் லேசாக அதிர்ந்தது.

இது உண்மையா, தற்செயலா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அவள் சொல்லும்போது தறி அடிக்க வேண்டும், சொல்லும்போது நிற்க வேண்டும். ஒரே ஆள் சுவருக்கு இரண்டு பக்கமும் இருக்க முடியாதே! இன்னொருவர் வேண்டும். அங்கேதான் சிக்கல். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதைவிடக் கம்ப்யூட்டரைக் கழற்றிப் பூட்டுவது அவளுக்குச் சுலபம்.

வாசலில் இரண்டு முறை போய் நின்றுவிட்டுத் திரும்பினாள். மூன்றாவது முறை, உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருமா அது, வர்றதும் போறதுமா?"

தறிக்குழிக்குள் காலை விட்டு நமச்சிவாயமும் அவர் மனைவி நீலாம்பாளும் உட்கார்ந்திருந்தார்கள். தறியின் மேல்கட்டை துர்கா வீட்டுச் சுவரில்தான் பதிந்திருந்தது. ஓரமாக ஒரு பெண் சிறிய குச்சியில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் மகள் மஹாலட்சுமி. துர்காவின் வயதுதான் இருக்கும்.

"பக்கத்து வீடு. துர்கா."

"நாலு மாசமா இருக்கீங்க, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் நீலாம்பாள்.

துர்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர்களும் காத்திருந்திருப்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாமா என்று ஒரு யோசனை அவளுக்குள் இருந்தது. தறியில் பாதி நெய்த அரக்குச் சேலை இருந்தது. நமச்சிவாயத்தின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. அந்த யோசனையை அங்கேயே விழுங்கிவிட்டாள்.

"அங்கிள், உங்க தறி அடிக்கிறப்ப எங்க வீட்டு கம்ப்யூட்டர் நடுங்குது."

நமச்சிவாயத்தின் புருவம் ஏறியது. "அதுக்கு? தறியை நிறுத்தணுமா?"

"இல்ல, அடிக்கணும். நான் சொல்றப்ப அடிச்சு, சொல்றப்ப நிறுத்தணும். கொஞ்ச நேரம்தான்."

"நான் என்ன ஃபேனா, நீ சுவிட்சு போட்டு அணைக்க?"

மஹாலட்சுமி பக்கென்று சிரித்துவிட்டாள். நூலை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "நான் பார்த்துக்கிறேன்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, துர்காவிடம் திரும்பினாள். " நீ அங்கேர்ந்து சுவத்துல தட்டு. ஒரு தட்டு தட்டினா தறி அடிக்கும். ரெண்டு தட்டினா நிக்கும். சரியா?"

துர்கா வீட்டுக்கு ஓடினாள். மானிட்டரைப் பார்த்துக்கொண்டே சுவரில் ஒரு தட்டு தட்டினாள்.

டக். டக். டக். திரை நடுங்கியது.

இரண்டு தட்டு. தறி நின்றது. நடுக்கமும் நின்றது.

மறுபடி ஒரு தட்டு. மறுபடி இரண்டு. ஒவ்வொரு தடவையும் அதேதான் நடந்தது. சுவருக்கு அப்பால் நமச்சிவாயம் சலித்துக்கொள்வது நன்றாகவே கேட்டது. "சாமி ஊர்வலத்துலகூட இப்படி நிறுத்தி நிறுத்தி மேளம் அடிக்க மாட்டாங்கபா!"

சற்று நேரத்தில் மஹாலட்சுமியே வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். உள்ளே நுழைந்து சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"மத்தவங்கள்லாம் எங்க?"

"யாரு?"

"உங்க வீட்ல எப்பவும் நிறைய பேர் பேசிக்கினே இருப்பாங்களே? நான் கேட்டுக்கினேதான் நூல் சுத்துவேன். பெரிய குடும்பம், அதான் நீ வெளிய வர மாட்டேன்றேன்னு நெனச்சேன்."

துர்கா டிவியைக் காட்டினாள்.

மஹாலட்சுமி டிவியைப் பார்த்தாள். துர்காவைப் பார்த்தாள். ஏதோ புரிந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேசாமல், "அப்போ அந்தத் தோசைக்கல் மாமா உங்க சொந்தக்காரர் இல்லியா?" என்றாள்.

துர்கா சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்தபின் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இருவரும் சேர்ந்து மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். நடுக்கம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை. மஹாலட்சுமி டார்ச் அடிக்க, துர்கா மானிட்டரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். படம் வரும் கேபிளை விரலால் லேசாகத் தொட்டாள். திரை குபுக்கென்று கறுப்பானது.

"திருடன் மாட்டிக்கினான்!" என்றாள் மஹாலட்சுமி.

கேபிளின் முனையை இறுக்க இரண்டு பக்கமும் திருகு இருக்க வேண்டும். ஒன்று தொளதொளவென்று இருந்தது. இன்னொன்றைக் காணவே காணோம். விமல்ராஜ் மாமா அவசரத்தில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். தறி அடிக்கும்போதெல்லாம் சுவர் மேஜையைத் தள்ள, மேஜை கேபிளை ஆட்டியிருக்கிறது.

துர்கா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, இருந்த ஒரு திருகை இறுக்கினாள். மஹாலட்சுமி வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கை கழிவு நூல் கொண்டுவந்தாள். அரக்கு நிறப் பட்டு. அதை முறுக்கி, திருகு இல்லாத பக்கத்தை இழுத்துக் கட்டினாள்.

"இனிமே யானை இழுத்தாலும் வராது. கம்ப்யூட்டரைப் போட்டுட்டுத் தட்டு!"

ஒரு தட்டு. டக். டக். டக். திரை கல் மாதிரி நின்றது.

"ஆனா வெட்டு போகலையே" என்று துர்கா ஆட்டத்தில் வேகமாகத் திரும்பிக் காட்டினாள். பாலம் இரண்டு துண்டாகத் தெரிந்தது. அவள் மாமாவுக்குப் போன் போட்டாள். அதிசயமாக எடுத்தார்.

"மாமா, கேம் செட்டிங்ஸ்ல எதையாவது ஆஃப் பண்ணியா?"

"வி-சிங்க்கை ஆஃப் பண்ணேன். அப்பத்தான் கேம் செம வேகமா ஓடும். பெரிய பெரிய பிளேயர்லாம் அப்படித்தான் வெப்பாங்க."

"எங்க மானிட்டர் பெரிய பிளேயர் இல்ல மாமா. அது ஒரு படத்தைக் காட்டி முடிக்கிறதுக்குள்ள கம்ப்யூட்டர் அடுத்த படத்தைத் திணிக்குது. அதான் பாதி பழசு, பாதி புதுசு."

"ஓ... அப்படியும் இருக்கலாம்" என்று மாமா மெல்ல இழுத்தார்.

துர்கா வி-சிங்க்கை, திரை காட்டி முடிக்கும்வரை அடுத்த படத்தைக் காக்கவைக்கிற அந்த செட்டிங்கை, ஆன் செய்தாள். வலப்பக்கம் திரும்பினாள், இடப்பக்கம் திரும்பினாள். பாலம் ஒரே பாலமாக இருந்தது.

"வேகமா ஓடணும்னு ஆஃப் பண்ணாராமா?" என்றாள் மஹாலட்சுமி. "எங்க போறதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தறி அடித்துக்கொண்டிருந்தது. துர்காவும் பொன்னியும் ஏணியைத் தூக்கினார்கள். காற்றடித்தது, பாலம் ஆடியது, துர்கா கண் இமைக்கவில்லை. ஏழாவது பாலத்தின் அந்தக் கரையில் இருவரும் கால் வைத்தபோது பொன்னி போட்ட கூச்சலில் ஹெட்போன் அதிர்ந்தது.

"சூப்பர்டி! எப்படிடி சரி பண்ண?"

துர்கா எல்லாவற்றையும் சொன்னாள். பொன்னி ஆசையாகக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"துர்கா... அக்காவை ஹாஸ்டல்ல சேர்க்கிறாங்கடி. லேப்டாப்பும் அவகூடப் போவுது. நான் போன்ல பேசுறேன், என்ன?"

"சரிடி. பேசு."

திரை சரியாகத்தான் இருந்தது. துர்காவுக்குத்தான் கொஞ்ச நேரம் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் பொன்னி இரண்டு முறை போன் செய்தாள். பொன்னி இனி ஆட வர மாட்டாள் என்று மஹாலட்சுமியிடம் துர்கா சொல்லியிருந்தாள்; ஆனால் அவளுக்குத் தினமும் வேலை இருந்தது. முகூர்த்தத்துக்குள் சேலையைக் கொடுக்க வேண்டும் என்று நமச்சிவாயம் ஓயாமல் நெய்தார். துர்கா பள்ளி விட்டு வந்து டிவியைப் போடுவாள். சுவரில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். முதுகில் டக் டக் என்று தறி கேட்கும். அது ஒரு துணை மாதிரி இருந்தது.

மறுபடியும் அமாவாசை வந்தது. துர்காவுக்குக் காலையிலேயே தெரியும், இன்று அந்தத் துணையும் இருக்காது. சாயங்காலம் டிவியைப் போட்டுவிட்டு, அணைத்துவைத்த கம்ப்யூட்டருக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சுவரில் ஒரு தட்டு கேட்டது.

துர்கா நிமிர்ந்தாள். மறுபடி ஒரு தட்டு.

"இன்னைக்குத் தறிக்கு லீவாச்சே?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"தறிக்குத்தான்டி லீவு, சுவத்துக்கு இல்ல!" அந்தப் பக்கத்திலிருந்து மஹாலட்சுமி கத்தினாள். "ஏணியோட இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேணுமா, வேணாமா? கதவைத் திற!"

துர்கா டிவியை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.